ஜன்னலில் கட்டிய கம்பங்கதிர்

பக்கவாதம் அடித்த நாளிலிருந்து மூன்று மாதமாக என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கட்டும் என்று, தியாகதுருகம் பக்கத்து நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். "பேச்சு வரும்மா, அவருக்குப் புடிச்சத காட்டுங்க" என்றார் டாக்டர். அவருக்குப் பிடித்தது நிலம். அதை மாடிக்குத் தூக்கி வரவா முடியும்?

எதிர்வீட்டு முருங்கையில் ஒரு சின்னக் குருவி வந்து உட்காரும். அவர் கண் அதன் பின்னாலேயே போகும். அது கிட்டே வந்தால் நன்றாயிருக்குமே என்று ஜன்னலோரம் சோறு வைத்தேன், காக்கை தின்றது. நொய் வைத்தேன், புறா தின்று அசிங்கம் பண்ணிவிட்டுப் போனது. எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. "வந்துதான் தொலையேன், சனியனே" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், அது என்ன குருவி என்றே நான் பார்க்கவில்லை. முப்பது வருஷம் கம்பங்கொல்லையில் அவர் கத்த, நான் தகரம் தட்ட, விரட்டியே பழகியவர்கள் நாங்கள். விரட்டுகிற குருவியின் மூஞ்சியை யார் பார்த்தது? ஒருநாள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். பழுப்புத் தலை, கட்டை மூக்கு, வெள்ளை வயிற்றில் மீன் செதில் மாதிரி கோடுகள். அட, நம்ம தினைக்குருவி! கதிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே உருவித் தின்னுமே, அதுதான். அதற்குப் போய்த் தட்டில் சோறு வைத்திருக்கிறேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். "கம்பங்கதிர் பத்து கொண்டாடா."

"மாடி வூட்ல கதிரு இன்னாத்துக்குக்கா?"

"கொண்டான்னா கொண்டா."

ஜன்னல் கம்பியில் ஒரு கதிரைத் தலைகீழாகக் கட்டினேன். நாலாம் நாள் காலையில் ஒன்று வந்து தொங்கியது. பின்னாலேயே இன்னும் நாலு. உமி பறந்தது. நான் சமையலறை வாசலிலேயே அசையாமல் நின்றேன்.

"ஓ... ஓஓய்!"

அத்தனையும் பறந்துவிட்டன. கட்டிலில் அவர் பாதி எழுந்து, கோணிய வாயோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"கதிர... திங்குது. பாத்துக்கினு... நிக்கிற!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "திங்கட்டும்ங்க" என்றேன். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. அன்றைக்குச் சாயங்காலம் வரை, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி என்னைத் திட்டினார்.

மறுநாள் இரண்டு கதிராகக் கட்டினேன், அவர் கண்ணுக்கு நேராக.