கீழிருந்து மூன்றாவது மெத்தை

ஜிபார் அக்கா தையல் டேப்பைப் பால்கனிக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே பிடித்து, "நாப்பத்திரெண்டு" என்றாள். தொட்டில் நுழைந்துவிடும், ஆனால் கதவிடுக்கில் குளிர்காற்று வருமே என்றேன். "அப்ப எங்க வைக்க? விளக்கு தொங்குற கொக்கியிலயா?" என்று கேட்டாள். பெட்டியையும் அதன் மேல் மடித்து அடுக்கியிருக்கும் தரை மெத்தைகளையும் வேறு எங்காவது நகர்த்தினால் ஒரு சுவரே கிடைக்குமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அத்தைகிட்ட அந்தப் பெட்டியக் கேக்குறதும் ஒரு கிட்னியக் கேக்குறதும் ஒண்ணுதான் தங்கச்சி. கிட்னின்னா குடுத்தாலும் குடுத்துருவாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி, குழந்தைக்குத் துணி தைத்துவிட்டதாகச் சொன்னாள். எங்கே என்றேன். மெத்தை அடுக்கைக் கண்ணால் காட்டினாள். கீழிருந்து மூன்றாவது. ஓரத் தையலைப் பிரித்து உள்ளே தள்ளி, வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டிருந்தாள். பிறக்கும் முன் ஒரு நூல்கூட வீட்டில் சேரக்கூடாது என்று இங்கே சொல்கிறார்களே, அதில் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. அதான் ஒளிச்சு வச்சிருக்கேன்."

பிஷ்கெக்கில், எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில், எனக்கு எதிர்வீடு அவளுடையது. ஒரே அறை, அதில் அவளும் மாமியார் புருல் அம்மாவும். கணவர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். அக்காவுக்கு வயது முப்பத்துநான்கு, தையல் கூடத்தில் வேலை. இரண்டு குழந்தைகளை இழந்தவள். இரண்டு முறையும் தொட்டில் முன்கூட்டியே வந்து நின்றது. அதற்கு மேல் புருல் அம்மா காரணம் தேடவில்லை. இந்த முறை அலமாரி, கட்டிலடி, சமையலறைப் பரண் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை அவரே திறந்து பார்த்தார். தன் சீதனமாக வந்த மெத்தை அடுக்கை மட்டும் அவர் பார்க்கவில்லை. அதில் பிறர் கை வைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எட்டாம் மாதத் தொடக்கத்தில், அக்கா மருத்துவமனைக்குப் போயிருந்த ஒரு காலை, கடைசி வாசல் வீட்டுக் கிழவர் இறந்தார். முற்றத்தில் கூடாரம் எழும்பியது. துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார, பெண்கள் வீடு வீடாக மெத்தை கேட்டு வந்தார்கள். அதை இல்லையென்று யாரும் சொல்வதில்லை. புருல் அம்மா ஆறு மெத்தைகளை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கதவைத் தட்டினாள்.

"சாவு வீட்டுக்குப் போயிருச்சு" என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அங்கே போகக்கூடாது. நான் போனேன்.

கூடாரத்துக்குள் உடல் திரைக்குப் பின்னால் இருந்தது. பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். வெள்ளை ஓட்டுத்தையல் போட்ட மெத்தையைத் தேடினேன். அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் இறந்தவரின் மனைவி சோனுன். அவரை எழுந்திருக்கச் சொல்ல எந்த மொழியிலும் எனக்கு வார்த்தை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கண் போன இடத்துக்கு அவர் கையும் போனது. நூல் நெகிழ்ந்து, ஒரு குல்லாயின் விளிம்பு வெளியே வந்தது.

"யாருது?"

சொன்னேன். பிடுங்கி எறிவார் என்று நினைத்தேன். விரலால் உள்ளே தள்ளினார்.

"தொண்ணூத்தோரு வயசுல போறாரு. அந்த ஆயுசு நமக்கும் வரட்டும்னு நாளைக்கு அவரு துணியில ஒரு துண்டு கேட்டு வருவாங்க. உங்க குழந்த எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்துருச்சு. இருக்கட்டும், உடல எடுக்கிற வரைக்கும் எனக்கடியிலயே இருக்கட்டும்."

அக்காவிடம் அப்படியே சொன்னேன். சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். ஆனால் அடக்கம் முடிந்து மெத்தைகளைத் திருப்பித் தந்தபோது சோனுன் அம்மாவும் கூட வந்து, இந்த மெத்தைக்குள் இருக்கும் குல்லாயைப் போடப்போகிற உங்கள் பேரப்பிள்ளைக்கு என் புருஷனின் ஆயுசு கிடைக்கட்டும் என்று புருல் அம்மாவின் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டார். புருல் அம்மா நன்றி சொன்னார். கதவைச் சாத்தினார். ஐந்து மெத்தைகளைப் பெட்டி மேல் அடுக்கினார். அந்த ஒன்றைப் பால்கனியில் போட்டுத் தாழிட்டார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அக்காவுக்கு வலி கண்டது. ஆயிரத்து எண்ணூறு கிராம், பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டில் சூடான, காற்றுப்புகாத இடம் இருக்கிறதா என்று நர்ஸ் பார்த்த பிறகே அனுப்புவார்களாம். பெட்டி நின்ற சுவரோரம் ஒன்றுதான் அப்படி இருந்தது. புருல் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை வாசலைத் தாண்டும்வரை ஒரு மெத்தையும் நகராது என்று சொல்லிவிட்டார்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். குழந்தைக்குள் பால் ஒரு சொட்டு இறங்கியதாகச் சொன்னாள்.

"அந்தத் தையலப் பிரி தங்கச்சி" என்றாள். "ஆறு சட்ட, ரெண்டு குல்லா. துவைச்சு முற்றத்துக் கொடியில போடு, எல்லாரும் பாக்கட்டும். காஞ்சத மடிச்சு எங்க வைக்கிறதுன்னு அத்த கேட்டா, பெட்டி மேல இருக்கிறத எறக்கச் சொல்லு. அவங்க எறக்கலேன்னா நீ எறக்கு."