நாற்பதாவது டோக்கன்

நெய்வேலியில் வேலை பெர்மனென்ட் ஆவது கஷ்டம், பெர்மனென்ட் ஆனவனுக்கும் நல்ல குவார்ட்டர்ஸ் கிடைப்பது கஷ்டம் என்பார்கள். இதையெல்லாம் கஷ்டம் என்று சொல்கிறவர்கள் வெண்மதி டாக்டரிடம் டோக்கன் வாங்கப் போனதில்லை என்று அர்த்தம்.

டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்தால், வடலூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது அவருடைய கிளினிக். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார். மிச்சம் வெண்மதி ஒருவர்தான். நாக்கை நீட்டச் சொல்வார், வயிற்றைத் தட்டிப் பார்ப்பார், "உங்க அப்பாவுக்கும் இதே எடத்துலதான வலி வரும்?" என்று கேட்பார். அப்படிக் கேட்கிற டாக்டரை யார் விடுவார்கள்? சுற்றுவட்டக் கிராமங்களும் டவுன்ஷிப்பில் பாதியும் அங்கேதான் வந்து நிற்கும். டோக்கனோ நாளுக்கு நாற்பதுதான். விடிவதற்கு முன்பே வாசலில் செருப்பு, செங்கல், ஒயர்கூடை, ஹெல்மெட் என்று ஆளுக்கொரு பொருள் வரிசையில் இடம் பிடித்திருக்கும். ஆறு மணிக்கு, கிளினிக்கில் வேலை பார்க்கும் கனகம் கேட்டைத் திறந்து டோக்கன் கொடுப்பாள். ஆறேகாலுக்குக் கையை விரித்துவிடுவாள்.

இந்த வாசலுக்கு மூன்று வருஷம் முன்பு வந்து சேர்ந்தவர்தான் நல்லசாமி. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். இவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, முப்பத்தொரு வருஷம் நிலக்கரி போகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு, காண்ட்ராக்ட் ஆளாகவே வெளியே வந்தவர். பெல்ட் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படியே நிலைத்துவிட்டது. அவர் காதோடு ரகசியம் சொன்னால் அடுத்த தெருக் குழந்தை எழுந்து அழும்.

முதல் நாளே அவருக்குச் சரியான பாடம் கிடைத்தது. சர்க்கரைக்குக் காட்ட வந்தவர், ஐந்து மணிக்கு வந்து பதினேழாம் நம்பர் வாங்கி, பதினோரு மணிவரை உட்கார்ந்தார். சர்க்கரைக்காரருக்குப் பசி தாங்கவில்லை. எதிர்க்கடையில் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அவர் நம்பரைக் கூப்பிட்டு முடிந்துவிட்டது.

"கூப்ட்டேங்க, ஆளு இல்ல. கடைசியில பாக்கலாம், குந்துங்க" என்றாள் கனகம்.

கடைசி என்பது அன்றைக்கு வரவேயில்லை. ஒன்றரை மணிக்கு டாக்டர் காரில் ஏறிப் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் கனகத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நல்லசாமியும் திட்டினார், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் மறுநாள் வந்தபோது கையில் ஒரு யோசனையும் இருந்தது. வரிசை நடுவில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"மைன்ஸ்ல பெல்ட்டு ஓடிக்கினு இருக்கறப்ப, மாத்தி விடற ரிலீவர் வராம எவனாவது எறங்குவானா? எறங்க மாட்டான்ல? அந்த ரூலு இங்க ஏன் இல்ல? பக்கத்து நம்பருதான் ஒனக்கு ரிலீவரு. எழுந்து போறதா இருந்தா மொகத்தப் பாத்து 'எறங்குறேன்'னு சொல்லு. அவன் 'ஏறிட்டேன்'னு சொன்னப்பறம் போ. ஒன் நம்பர கூப்ட்டா அவன் போவான். அவன் நம்பரு ஒனக்கு."

முதலில் சிரித்தார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஷிப்ட் பார்க்கிறவர்கள், மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவள் "எறங்குறேன்" என்பாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி வழிகிறவர் "ஏறிட்டேன்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார். ஒரே மாதத்தில் வாசல் சண்டை முக்கால்வாசி ஓய்ந்தது. கனகமே புதிதாக வருகிறவர்களிடம், "ஒங்க ரிலீவர் யாருன்னு பாத்துக்கினீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். நல்லசாமிக்கு 'ஷிப்ட் இன்சார்ஜ்' என்று பெயர் விழுந்தது. காண்ட்ராக்டில் முப்பத்தொரு வருஷம் கிடைக்காத பதவி, ஓய்வுபெற்ற பிறகு ஒரு கிளினிக் வாசலில் கிடைத்தது. மாதம் ஒரு முறை தனக்குக் காட்டப் போக வேண்டியவர் வாரம் மூன்று நாள் போனார்.

"சம்பளம் குடுத்தப்பகூட நீ இவ்ளோ சீக்கிரம் கெளம்பனதில்லையே" என்பாள் அவர் மனைவி வீரம்மாள்.

ஒரு ரூல் பிறந்தால் அதற்கு ஒரு தம்பியும் பிறக்கும். நாற்பது பேர் விடியலிலிருந்து காத்துக் கிடக்க, "ரிப்போர்ட் மட்டும் காட்டிட்டு வந்துடறேன், ஒரு நிமிஷம்" என்று நாற்பத்தொன்றாவது ஆள் ஒருவர் தினமும் நுழைவார். டாக்டரின் பழக்கக்காரர், கட்சிக்காரர், யாருக்கோ மச்சான். நல்லசாமி கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டார். "நாப்பதுன்னா நாப்பதுதான். ஒங்க ஒரு நிமிஷம் இங்க ஒருத்தனுக்கு ஒரு நாள் கூலி" என்று அவர் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "அவர் சொல்றது சரிதான்" என்று உள்ளே போய்விட்டார். அன்றோடு நாற்பத்தொன்று என்ற எண் அந்த வாசலில் இல்லாமல் போயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமை வருகிறது. நாற்காலியும் இல்லாமல், அதிகாரமும் இல்லாமல், ஒரு தனி ஆள் செய்த காரியம் அது.

சென்ற ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு காய்ச்சல். குள்ளஞ்சாவடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள், டோக்கன் ஐந்தே நிமிஷத்தில் தீர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து நல்லசாமிக்குப் புதுச் செருப்பு கடித்து, இடது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரைக்காரக் கால், வலி தெரியவில்லை. வலி இல்லாததை அவர் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார். விரல் நுனி கறுத்திருப்பதை வீரம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னைக்கே போய்க் காட்டு. ஊருக்கெல்லாம் எடம் புடிச்சிக் குடுக்கற, ஒனக்கு ஒரு எடம் இல்லையா?"

ஐந்து நாள் போனார், ஐந்து நாளும் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் மழையில் நனைந்துகொண்டு நின்று, கடைசி டோக்கனை வாங்கினார். நம்பர் நாற்பது. கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. மகளின் பிரசவத்துக்காக டாக்டர் அன்று மதியமே கோயம்புத்தூர் போகிறார், கிளினிக் ஒரு வாரம் இருக்காது.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். சத்யப்பிரியா என்று பெயர். டவுன்ஷிப்பில் தெரு கூட்டும் காண்ட்ராக்ட் வேலை. வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல், ஒன்றரை வயசுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அஸ்வின் என்ற அந்தப் பிள்ளை துணி மாதிரித் துவண்டு கிடந்தான்.

"மூணு நாளா காய்ச்சலு அக்கா. காலையிலேருந்து தண்ணிகூட எறங்கல. எங்க தெருவுல போன மாசம் ஒரு கொழந்த இப்பிடித்தான் கெடந்து..." என்று பிள்ளையைக் கனகத்திடம் நீட்டினாள்.

கனகம் நல்லசாமியைப் பார்த்தாள். டோக்கன் இல்லாதவர் உள்ளே போவதில்லை என்பது அவர் போட்ட சட்டம். உள்ளே முப்பத்தொன்பதாம் நம்பர் இருந்தது. கார் வாசலில் தயாராக நின்றது.

நல்லசாமி யோசிக்கவில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். தப்பு. அவர் யோசித்தார், ஆனால் பெல்ட்காரர் மாதிரி யோசித்தார். ரிலீவர் வராத நாளில் என்ன செய்வார்கள்? அடுத்த ஷிப்டையும் சேர்த்து நின்றே பார்ப்பார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அவர் எத்தனையோ டபுள் பார்த்திருக்கிறார். இந்த விரல் ஒரு வாரம் டபுள் பார்க்காதா என்று நினைத்தார். டோக்கனை அவள் கையில் வைத்தார்.

"எறங்குறேன். நீ ஏறிக்கம்மா."

அவளுக்கு அந்த முறை தெரியாது. கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"அவ வந்ததும் நீங்களும் ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வாங்கண்ணே. டாக்டரம்மா வேணாம்னா சொல்லப் போறாங்க?" என்று கனகம் கெஞ்சினாள்.

"நாப்பதுக்கு மேல ஆள் கெடையாதுன்னு சொன்னதே நான். இப்ப நானே போயி குந்துனா நாளைக்கி எந்த மூஞ்சோட கதவுல கைய வைப்பேன்?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பது இதுதான். எனக்கு அவர்மேல் எவ்வளவு மதிப்பு உண்டோ அவ்வளவு கோபமும் உண்டு. ரூல் மனுஷனுக்கா, மனுஷன் ரூலுக்கா? ஆனால், தனக்கு மட்டும் ரூலைத் தளர்த்திக்கொள்கிற ஆளாக இருந்திருந்தால் அந்த வாசலில் யாரும் அவர் பேச்சை ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்குப் போய், "டாக்டர் ஊருக்குப் போறாங்களாம், அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்று பொய் சொன்னார். கடலூருக்குப் போகலாம் என்று வீரம்மாள் சொன்னதற்கு, "நம்ம ஒடம்பு அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்" என்று மறுத்துவிட்டார். ஐந்தாம் நாள் காலிலிருந்து வந்த நாற்றம் பொய்யைக் காட்டிக் கொடுத்தது. குளிர் காய்ச்சலில் பல் கிட்டிக் கிடந்தவரை, வீரம்மாளின் தம்பி இனியன் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனான். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போயின. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கும் என்றார்கள்.

வெண்மதி டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் கனகம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் நல்லசாமி வீட்டுக்கே வந்து, கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"கதவைத் தட்டியிருந்தா நான் பாக்க மாட்டேனா? அவ்வளவுதானா என்னைத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க?" என்று கண் கலங்கத் திட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக நல்லசாமியின் குரல் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. அந்த வாரமே கனகம், டோக்கன் பெட்டியிலிருந்து மூன்றைக் காலையில் கொடுக்காமல் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். பகலில் ஓடி வருகிறவர்களுக்கு என்று. வரிசையில் யாரும் அதற்கு முணுமுணுக்கவில்லை.

கார்த்திகை பாதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சத்யப்பிரியா விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தாள். இடுப்பில் அஸ்வின், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பிள்ளை வீட்டுக்குள் வந்த வேகத்தில் இறங்கி, சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலை இழுத்துக் கீழே தள்ளினான்.

அவள் உட்காரவில்லை. நல்லசாமியின் கால் கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க பெரியப்பா. நேத்துதான் கனகம் அக்கா சொன்னாங்க. ஒங்களுக்கு இப்பிடின்னு தெரிஞ்சிருந்தா நான் வாங்கியிருப்பனா?"

"கொழந்தைக்கி என்னான்னு சொன்னாங்க அன்னைக்கி?" என்று வீரம்மாள் கேட்டாள். அவள் குரலில் நெருப்பு இருந்தது. இத்தனை நாளாய் அவள் மனசுக்குள் அந்தப் பிள்ளைக்கு டெங்கு, மூளைக்காய்ச்சல் என்று என்னென்னவோ பெரிய வியாதி வைத்துத்தான் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

சத்யப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்லங்க. சளிக் காய்ச்சல்தான்னு சொல்லிட்டாங்க. ரெத்தம் எடுத்துப் பாத்தாங்க, அதுலயும் ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் மருந்துல எழுந்து ஓட ஆரம்பிச்சிட்டான்."

வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு சளிக் காய்ச்சலுக்கு ரெண்டு வெரல குடுத்துட்டு வந்து குந்திக்கினு இருக்கற மனுஷன எங்கனா பாத்திருக்கியா நீ?"

சத்யப்பிரியா அழுதேவிட்டாள். அழுதாள் என்பதைவிட, சளிக் காய்ச்சல் என்று சொல்ல நேர்ந்ததற்காகக் கூசிப்போய் நின்றாள் என்பதுதான் சரி. வேறு ஏதாவது பெரிய வியாதியாக இருந்திருக்கக் கூடாதா என்று பெற்றவளே ஒரு நொடி நினைத்தாளோ என்னவோ.

நல்லசாமி கீழே கிடந்த கோலை எட்டி எடுத்தார். அவருக்கே உரிய அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது.

"எதுக்கு அழுவற? அன்னைக்கி ராத்திரி நீ தூங்குனியா?"

அவள் தலையாட்டினாள். "டாக்டரம்மா சொன்னப்பறந்தான் பெரியப்பா தூங்குனேன். மூணு நாளைக்கி அப்பறம்."

"அவ்ளோதான்" என்று அவர் வீரம்மாள் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்லன்னு நீ சொல்லலாம், நான் சொல்லலாம். பெத்தவளுக்குத் தூக்கம் வருமா? ஒண்ணுமில்லன்னு ஒரு டாக்டரு வாயால கேக்கத்தான நாங்க அத்தினி பேரும் அந்த வாசல்ல போயி கெடக்கறோம்."