மொட்டைமாடியில் நடந்த ஃப்ளோசார்ட்

“…சுத்திச் சுத்தி வாரேன், எம்புட்டு நேரந்தான் தண்ணி ஊத்துறது? எப்பத்தாம்மா என்னைய வெளிய விடுவ?”

பேத்தியின் கையிலிருந்த சாக்பீஸ் வாசத்தில் இன்று அப்பாவின் அந்தக் குரல் மறுபடி கேட்டது. எண்பதுகளில், காளவாசலில் இப்போது ஜவுளிக்கடை நிற்கிற இடத்திலிருந்த எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினாள் என் அக்கா. வெயில் தாழ்ந்ததும் ஒரு வேலையின் படிகளைத் தரையில் கட்டமும் அம்புமாக ஃப்ளோசார்ட் வரைந்து, தன்னைவிட மூத்த ஆட்களையும் அம்புக்குறி காட்டுகிற வழியில் மட்டுமே நடக்கவிடுவாள். கேள்விக் கட்டத்தில் நின்று, ஆம், இல்லை சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

“மெஷினே இல்லாம என்ன கிளாசு? நாளையோட மூடு” என்று மாடியேறி வந்த அப்பாவிடம் சாக்பீஸை நீட்டி, தொட்டி நிரப்புவதை வரைந்து நடக்கச் சொன்னாள். ‘தொட்டி நிறைஞ்சிருச்சா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’க்கு மட்டும், தண்ணீர் ஊற்றும் கட்டத்துக்கே திரும்புகிற அம்பு போட்டுவிட்டு, அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தார் அப்பா.

“நீங்க வழி போட்டாத்தானப்பா வர முடியும்” என்றாள் அக்கா, குரல் உயர்த்தாமல். அந்த நிமிஷம் அவள் தங்கை என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா குனிந்து, ‘ஆம்’ என்று எழுதி, வெளியே ஓர் அம்பு இழுத்து, அதன்மேலேயே நடந்து வந்து, மாணவர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.