எங்கள் பிளாக்குக்கு வந்த முதல் பஸ்

எங்களுடையது நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி பிளாக். அதற்கப்பால் முந்திரிக்காடு. திட்டம் போட்டவர்களைக் குறை சொல்லவே முடியாது. நாலு மாட்டுவண்டி ஒரே நேரத்தில் போகிற அகலத்துக்குச் சாலை, பூங்காவுக்கென்று ஒதுக்கிய பொட்டல், 'பஸ் நிற்கும் இடம்' என்று மஞ்சள் பலகை எல்லாம் இருந்தன. பஸ் மட்டும் வரவில்லை. குவார்ட்டர்ஸில் குடிவந்தவர்கள் எங்காவது போகவும் வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். ஆண்கள் சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்வந்தார்கள். பெண்கள் எங்கும் போகவில்லை.

அந்த வருஷம் எனக்குக் கடலூரில் காலேஜ் இடம் கிடைத்தது. கடலூர் பஸ் பிடிக்க டவுன்ஷிப்பின் மறுகோடிக்குப் போகவேண்டும். முந்திரிக்காட்டை ஒட்டி, ஆளரவமில்லாத சாலையில் என்னைத் தனியாக நடக்கவிட அப்பாவுக்கு மனசில்லை. சைக்கிளில் போகிறேன் என்றேன்.

"பொம்பளைப் புள்ள சைக்கிள் ஓட்டினா நாளைக்கு எவன் கட்டிக்குவான்? பஸ் வரட்டும், அப்புறம் போ" என்றார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. பஸ் விடச் சொல்லி டவுன்ஷிப் ஆபீசுக்கு மனுவோடு அலைந்தார். ஆளே நிற்காத ஸ்டாப்புக்கு எப்படி பஸ் விடுவது என்று ஆபீசில் கேட்டார்கள். பஸ்ஸே வராத ஸ்டாப்பில் ஆள் எதற்கு நிற்பார்கள் என்று அப்பா கேட்டார். கடைசியில், ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்புவதாக முடிவாயிற்று.

அன்று காலையில் பிளாக்கே திரண்டது. எங்கள் ஆட்களுக்கு எதிர்த்தெருவுக்குப் போனாலும் சைக்கிள் வேண்டும். எல்லாரும் சைக்கிளில் வந்து, அதைச் சாலையோரம் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பலகையைச் சுற்றி நின்றார்கள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பால் கொண்டுவரும் அம்மாள் கேனை இறக்கிவைத்தாள்.

"வராத பஸ்ஸுக்கு எதுக்குங்க இத்தினி பேரு நின்னுகினு இருக்கீங்க?"

ஜீப் வந்தது. அதிகாரி இறங்காமலே பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலமே பண்ருட்டிக்குப் போய், காலேஜுக்குக் கட்டிக்கொள்ள எனக்கு இரண்டு தாவணி வாங்கிவந்தார்.

சில நாளில் லாரியில் கம்பியும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வந்து இறங்கின. பஸ்ஸுக்கு நிழற்குடை கட்டுகிறார்கள் என்று பூரித்துப்போனோம். கட்டி முடித்துப் பலகை மாட்டினார்கள்: 'சைக்கிள் நிறுத்துமிடம்'. அதிகாரியின் கண்ணில் பட்டது ஒழுங்கில்லாமல் நின்ற சைக்கிள்கள்தானாம். இத்தனை பேரிடம் சைக்கிள் இருக்க, பஸ் எதற்கு என்று எழுதிவிட்டாராம். அவரவர் வீட்டிலேயே சைக்கிளை நிறுத்துகிற பிளாக்கில், அந்த ஷெட்டில் ஆடுகள் நின்றன.

காலேஜ் நான் இல்லாமலே திறந்தது. நான் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். ஆத்திரம் அவர்மேலா ஆபீஸ்மேலா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். ஷெட்டைக் கழுவிவிட்டு அதில்தான் பந்தி போட்டார்கள். இடம் தாராளம் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். அன்று காலை ஹாரன் சத்தம் கேட்டுப் பிளாக்கே வாசலுக்கு ஓடியது. மஞ்சள் பலகைக்கு நேராக, முதன்முதலாக ஒரு பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்குப் பேசி வந்த பஸ். சாயங்காலம் அதில்தான் என்னை ஏற்றி அனுப்பினார்கள்.