கீழ் லயத்துக்குப் போகிற தண்ணீர்

மூத்த பேரன் பண்டாரவளையில் பேங்க் வேலை. அவன் தங்கச்சி டீச்சர். கடைசிப் பேத்தி தேவி கொழும்பில், முகத்துக்குப் பூசுகிற கிரீம் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை பார்க்கிறாள்.

இன்றைக்குப் பதுளை பஸ்ஸில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் வரிசை வீடுகளான கீழ் லயத்து மாரியம்மாவிடம் என் பேரப்பிள்ளைகளைப் பற்றி இப்படிச் சொல்லி, போனில் இருக்கிற படங்களையும் காட்டினேன்.

"கிரீம் கிண்டவா அக்கா இவ்வளவு படிச்சா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தேவி போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். தண்ணீரில் இருக்கிற இரும்பும் சுண்ணாம்பும் கிரீமைக் கெடுத்துவிடும். அதுகளைப் பிடித்து வைக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள். இப்போது சேர்க்கிற மருந்து, முகம் கழுவின தண்ணீரோடு ஆற்றுக்குப் போனால் லேசில் மக்காதாம். தேவி மக்கிப்போகிற மருந்து போட்டுச் செய்து காட்டியிருக்கிறாள். விலை கூட என்று கம்பெனிப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். நாளைக்குக் கூட்டத்தில் இவள்தான் பேசணும்.

"கழுவி ஊத்துன தண்ணிக்கு ஏன் அக்கா இவ்வளவு பாடு?"

"நம்ம பீலி ஞாபகம் இருக்கா, மேல எங்க லயத்துல இருந்து கீழ உங்க லயத்துக்கு ஓடி வர்ற தண்ணி? மேல நாங்க சோப்பு போடுறதுக்கு முன்னுக்கு, கீழ நீங்க தண்ணி புடிச்சாச்சான்னு கத்திக் கேப்பாளே ஒருத்தி."

 மாரியம்மா இறங்குவதற்குப் பையை எடுத்தபடி சொன்னாள்.

"எங்க குடம் நெறையிற வரைக்கும் சோப்பைக் கையில வச்சிக்கிட்டே நிப்பா. நாளைக்கும் அப்படியே கத்தச் சொல்லுங்க அக்கா."

தேவி, மாரியம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். நாளைக்கு என்ன முடிவானாலும் வெள்ளைக் கோட்டோடு ஒரு புதுப் படம் இந்தக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடு. உன் சின்ன வயசுப் பல்லு விழுந்த படத்தைக் காட்டினால் பஸ்ஸில் யார் நம்புவார்கள்?