கத்தி தீட்ட ஒரு காகித மடிப்பு

இன்று காலை என் மடக்குக் கத்தியைக் கல்லில் ஏறக்குறையப் படுக்கவைத்தே தீட்டினேன். கை முடியை வழித்தது. ஒரே பெருமை.

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், வாசலில் லாரி நிற்க, முகவரி மாறிய காலண்டர் கட்டுகளை அவசரமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது பிளாஸ்டிக் பட்டையிலேயே கத்தியின் கூர் பல் பல்லாகப் பெயர்ந்துவிட்டது.

பேக்கிங் பார்க்கும் செல்வி கத்தியை வாங்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, தக்காளி நறுக்கவா தீட்டுனீக? பட்டைய அறுக்க இம்புட்டு மெலிசு தாங்காதுல்லா."

"அப்ப எம்புட்டுத் தூக்கிப் பிடிக்கணும்?"

வீணான தாளின் மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடித்து, பைண்டிங் மேசையில் கிடந்த கல்லின்மேல் சரிவு தெரிய நிறுத்தினார். தொண்ணூறு பாகை மூலை இருபத்திரண்டரையாகச் சுருங்கியிருந்தது.

"இந்தச் சரிவுலயே தீட்டுங்க."

தீட்டினேன். எல்லாக் கட்டுகளும் பிரிந்தன. லோடு நேரத்துக்குக் கிளம்பியது. மனசு நிறைந்துபோனது.

வீட்டுக்கு வந்தால் மனைவி அரிவாள்மனையை நீட்டுகிறாள். இதற்கு என்ன சரிவு? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது.