ஒரே எடைப் பிரிவு

முதுகுவலிக்கு யோகா செய்யச் சொன்னார்களே என்று போன வாரம் பாண்டி பஜாரில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கி வந்தேன். கூடத்தில் உருட்டி விரித்ததும் புது ரப்பர் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அதோடு யோகா போயிற்று. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடையாற்றில் நாங்கள் மல்யுத்தம் பழகிய தகரக் கொட்டகையிலும் இதே வாடைதான், கூடவே வியர்வையும் பினாயிலும். குஸ்தி பிடிக்கும் ஆசையில் நான் அங்கே போகவில்லை. உடம்பு இளைக்கப் போனேன். தி. நகரில் எங்களுக்குப் புடவைக் கடை. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் அல்வா தீர்ந்து நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை என் பள்ளிச் சீருடையைப் பிரித்துத் தைப்பார்கள். அப்படிப்பட்டவளைப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் நேராக மல்யுத்த விரிப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே தனம் நின்றாள்.

ஊரூர் குப்பத்துப் பெண். அவள் அம்மா பெசன்ட் நகர் கடற்கரையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தார். தனம் அப்போது குச்சி மாதிரி இருப்பாள். முதல் நாளே தூக்கிப் போட்டேன். அதில் என் திறமை ஒன்றுமில்லை, எடைதான். அவள் எழுந்து முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இன்னா பண்ண இப்போ? இன்னொரு தபா பண்ணு" என்றாள். மறுபடி போட்டேன். மறுபடியும் அதையேதான் கேட்டாள்.

நான் இளைத்துக்கொண்டே வந்தேன், அவளுக்குச் சதை பிடித்துக்கொண்டே வந்தது. நடுவில் ஒரே எடைப் பிரிவில் வந்து சேர்ந்தோம். அதுதான் வந்த வினை. ஒரு பிரிவுக்கு ஒருத்திதான் மாநிலத்துக்கு ஆட முடியும்.

தேர்வு நாளில் கடைசி அரை நிமிடம் வரை நான்தான் முன்னிலை. அவள் குனிந்ததை மட்டும் பார்த்தேன். அடுத்த கணம் என் இடது கால் அவள் மார்போடு இருந்தது, நான் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். வேறு எடைக்கு மாறலாம் என்று மாஸ்டர் சொன்னார். அப்பா வேறு மாதிரி சொன்னார். "ஏட்டி, இளைச்சாச்சுல்லா, போதும். ஆடி வருது, கடைக்கு வா." போனேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கெல்லாமோ போனாள். அந்த ஊர்ப் பெயர்களை எனக்குச் சரியாக வாசிக்கக்கூட வராது. ஆசிய அளவிலான ஒரு போட்டியில் அவள் வெண்கலத்துக்கு ஆடியதைக் கல்லாவுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு பார்த்தேன். தோற்றுவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அன்று மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மாமி, "மாம்பழக் கலர்ல வேற இருக்கா?" என்று கேட்க, நான் பச்சையை எடுத்துப் போட்டேன். தனம் ஜெயித்தாள். குப்பத்தில் பேனர் கட்டினார்கள். மாலையோடு போய்ச் சிரித்துக்கொண்டு நின்றேன். தொடர்ந்து விரிப்பில் உரசி உரசி அவள் காதுமடல் வீங்கிக் கெட்டியாகியிருந்தது. நம்பமாட்டீர்கள், அந்தக் காதைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு எரிந்தது. என் காதுகள் ஜிமிக்கி போட்டுக்கொண்டு வழவழவென்று இருந்தன.

அப்புறம் ஒரு நாள் அவளே கடைக்கு வந்தாள். பெரிய போட்டி ஒன்று வருகிறது, ஜப்பான்காரி ஒருத்தி எதிரே வரக்கூடும், அவள் இடது காலை முன்னால் வைத்து நிற்பவள் என்றாள். நானும் அப்படி நிற்பவள்தான். "உன்ன மாரியே நிக்கிறா. ஒரு வாரம் வந்து புடி." கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளையும் பெற்றிருந்தேன். பழைய டிராக் பேண்ட் தொடையைத் தாண்டவில்லை. புதிது வாங்கிக்கொண்டு போனேன்.

நாலு நாள் என்னைத் துணி மாதிரி புரட்டினாள். ஐந்தாம் நாள் மாலை அவள் கழுத்தும் கையும் என் பிடிக்குள் ஒருசேரச் சிக்கின. இடுப்பைத் திருப்பினேன். தனம் விழுந்தாள். அவள் மல்லாந்தபடியே என்னைப் பார்த்துவிட்டு எழுந்து, "இன்னொரு தபா பண்ணு" என்றாள். எத்தனை முறை கேட்டாளோ அத்தனை முறை போய்ப் பிடித்தேன். அப்புறம் அவள் விழவே இல்லை.

அந்த ஜப்பான்காரியோடு அவள் ஆடியதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஜப்பான்காரி போட்டதும் நான் போட்ட அதே பிடி. தனம் அதிலிருந்து நழுவி வெளியே வந்து புள்ளி எடுத்தாள். அவள் தோற்கட்டும் என்று அன்று நினைக்கவில்லை. எரிச்சலெல்லாம் அந்த ஜப்பான்காரி மேல் திரும்பிவிட்டது. உலகமே பார்க்க தனத்தின் கையைப் பிடித்து இழுக்கிறாளே, அந்த இடத்தில் நான் அல்லவா நிற்க வேண்டும்! கொஞ்ச நேரத்தில் தனத்தின் முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. முதலில் கையை எடுத்தவள் அந்த ஜப்பான்காரிதான். தனத்தை இருவர் தாங்கிக் கொண்டுபோனார்கள்.

அறுவை சிகிச்சை நடந்தது. திரும்ப ஆடிப் பார்த்தாள், முழங்கால் நிற்கவில்லை. இப்போது வடக்கே ஏதோ ஊரில் அலுவலக வேலை. போன பொங்கலுக்குப் பேசியபோது, நடக்கும்போது வலி இல்லை என்றாள். மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்து, கீழே கார்கள் நிற்கின்றன.

தனம் ஆடிய காலத்திலிருந்தே, காலையில் காபியோடு உலகத் தரவரிசையைத் திறந்து அவள் பெயர் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். ஏறியிருந்தால் அன்று முழுக்க கடையில் யாரிடமாவது எரிந்து விழுவேன். பழக்கம் விடவில்லை, இன்றைக்கும் திறந்தேன். எங்கள் எடையில் யார் யாரோ இருக்கிறார்கள். ஒருத்தி மேலும் எனக்குப் பொறாமை வரவில்லை.